ஆறு பரப்பும் எண்ணாயிரம் மார்க்கும்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தைப் புவியியல் பாடமாகவே படிக்கலாம். பிறந்தது ஓர் ஊர், இருந்தது இன்னோர் ஊர், பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் ஜெர்மனி, லண்டன், பிரான்ஸ், கனடா. வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத சகோதரங்கள்கூட அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். ‘பாசமிகு’, ‘அன்பு’ என்ற அடைமொழிகளை அச்சுக்காரர் பாரபட்சமில்லாமல் எல்லோருக்கும் வழங்கிவிடுவார்.

2017இல் இணுவிலில் ஒரு வாடகை வீட்டில் 81 வயதுத் தாய் ஒருவர் இறந்தபோது, அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் முதல் சிக்கலாக வந்தது.

அவருக்கு நான்கு பிள்ளைகள். ஊர்ச்சனம் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டது. மூத்தவர் ஜெர்மன்காரர். அடுத்தவர் அக்கா, நாட்டை விட்டுப் போகாததால் அவருக்கு மட்டும் உறவுமுறையே பெயராகத் தங்கிவிட்டது. மூன்றாவது லண்டன் பிள்ளை. கடைசி பாரிஸ் தம்பி. இங்கும் அவர்களுக்கு அந்தப் பெயர்களே போதும். சொல்லப்போவதில் பெரும்பகுதி லண்டன் பிள்ளையின் நினைவிலிருந்து வருவது. மற்றவர்களைக் கேட்டால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கலாம், குறிப்பாக ஜெர்மன்காரரைக் கேட்டால்.

அறிவித்தலை எழுதப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தவர் அக்காவின் கணவர். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர் கடைசி மருமகளிடம் தடக்கி நின்றார். லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, தம்பியின்ர மனிசியின்ர முழுப்பேர் என்ன?”

லண்டன் பிள்ளைக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. ஜெர்மன்காரரைக் கேட்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. அந்த மருமகளை நேரில் கண்டவர் அந்தக் குடும்பத்தில் தாய் ஒருவர்தான், அவரும் ‘பாரிஸ் பிள்ளை’ என்றுதான் சொல்லிப் பழகியவர். கேட்க இனி அவரும் இல்லை.

ஆகவே லண்டன் பிள்ளை பாரிசுக்கு எடுத்தார். தாய் இறந்த செய்தியைத் தம்பிக்கு அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். தமக்கையும் தம்பியும் 15 வருடங்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு ஒரு பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றியதாக இருந்தது. அவன் மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னான். பிறகு மகளின் பெயர், மகனின் பெயர். எல்லாம் எழுதி முடிந்தபின் கேட்டான்:

“அண்ணை போடச் சொன்னவரோ?”

“இது அம்மாவின்ர நோட்டீஸ். அண்ணையின்ர இல்லை.”

அடுத்த நாள் உதயன் பத்திரிகையில் அந்தப் பெயர் வந்தது. ‘ச’வுக்குப் பதில் ‘ஸ’ போட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவன் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

அந்தப் பெண் பாண்டிச்சேரிக் குடும்பத்தவர். 1962இல் பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொண்டவர்களின் வழிவந்தவர். பாரிசில் யாழ்ப்பாணத்தாரும் பாண்டிச்சேரிக்காரரும் ஒரே கடைத்தெருவில் மரக்கறி வாங்குகிறார்கள், ஒரே கோவிலில் கும்பிடுகிறார்கள். கல்யாணம் என்று வந்தால் மட்டும் யாழ்ப்பாணத்தார் பக்கத்தில் ‘ஆர் ஆக்களோ’ என்ற கேள்வி எழும். ஜெர்மன்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் வருமுன் தொலைபேசியையும் வைத்துவிட்டார்.

ஆனால் குடும்பம் உடைந்தது அந்தக் கல்யாணத்தால் அல்ல. உடைத்தது ஒரு வீடு. அதுவும் யாராலும் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இருந்த வீடு.

வலிகாமம் வடக்கில், வசாவிளானுக்கும் குரும்பசிட்டிக்கும் இடைப்பட்ட செம்மண் தரை. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைந்த பூமி. அங்கே நிலத்தைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். இவர்களுடையது ஆறு பரப்பு வளவு, நடுவில் வீடு, மேற்கு மூலையில் அயலவரோடு பங்குக் கிணறு. தகப்பன் தோட்டக்காரர். கிணற்று முறை தவறினால் மட்டும் கோபம் வரும் மனிதர் என்று மகள் சொல்கிறார்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மீசை முளைத்த பையன்கள் வீட்டில் தங்கவில்லை. மூத்தவர் 1984 கடைசியில் புறப்பட்டார். அப்போது ஐரோப்பாவுக்கு மலிவான வாசல் கிழக்கு பெர்லின். மொஸ்கோ வழியாக ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸெ நிலையத்தில் நகர ரயில் ஏறினால், உலகத்தின் மிகக் காவலான எல்லை ஒன்றை ஒரு ரயில் சீட்டோடு தாண்டி மேற்கில் இறங்கலாம். 1985 நடுப்பகுதியில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியைத் தமிழருக்கு அடைத்தது. அவர் தப்பி நுழைந்தவர்களில் ஒருவர். மேற்கு ஜெர்மனி அவரை டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் போட்டது. வேலை செய்யத் தடை, ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டத் தடை. சட்டத்துக்குத் தெரியாமல் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில் கோப்பை கழுவினார். அந்தக் காசில் 1988இல் ஊர் வீட்டுக்கு முன் விறாந்தையும் சீமெந்துத் தரையும் வந்தன.

அடுத்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதன உறுதி எழுதாமல் தாலி ஏறுவது அரிது. டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் திருத்தங்களோடு, இன்றும் அங்கே சொத்து வழக்குகளில் பேசப்படுகிறது. வளவு முழுவதும் அக்கா பேருக்குப் போனது. “சின்னவளுக்கு ரெண்டு பரப்பு பிறகு எழுதலாம்” என்றார் தகப்பன். விறாந்தைக் காசு பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு ஊர்கள் உடுத்த துணியோடு கிளம்பின. பலாலிப் படைத்தளம் பெருத்து உயர் பாதுகாப்பு வலயமானது; வீடும் விறாந்தையும் முள்ளுக்கம்பிக்கு அந்தப்புறம் நின்றுவிட்டன. தாய் உறுதிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அந்தப் பை அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறியது என்பதை அக்காதான் விரல் மடக்கிச் சொல்வார்.

தம்பியின் பயணம் 1993. ஆனையிறவிலும் பூநகரியிலும் படைமுகாம்கள் இருந்ததால் குடாநாட்டிலிருந்து வெளியேறச் சனத்துக்கு மிஞ்சியிருந்த வழி கிளாலிக் கடல்தான். இரவில், வெளிச்சமில்லாமல், படகுகளை ஒன்றோடொன்று கட்டி இழுத்துக் கொண்டுபோவார்கள். கடற்படை கண்டால் சூடு விழும். அதைத் தாண்டி வவுனியா, கொழும்பு, லாட்ஜ் வாழ்க்கை, பிறகு ஏஜென்சி. மூத்தவர் 8,000 மார்க் கட்டி ஓர் ஏஜென்சியைப் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆள் பையனை மொஸ்கோ வரை கொண்டுபோய், உக்ரேனில் ஒரு தொடர்மாடி வீட்டில் விட்டுவிட்டு மறைந்துபோனான். மற்றப் பையன்களோடு ஒரு பனிக்காலம் முழுக்க அந்த அறைக்குள் கிடந்தான். பாரிசிலிருந்த ஒரு கூட்டாளியிடம் 35,000 பிராங்க் கடன்பட்டு வேறோர் ஏஜென்சி மூலம் பிரான்சுக்கு வந்து சேர்ந்தான். அண்ணன் சொன்னது: ‘என்ர எண்ணாயிரம் எப்ப வரும்?’ தம்பி சொன்னது: ‘மலிவு ஏஜென்சி பிடிச்சு என்னைச் சாகக் குடுத்தவர் ஆர்?’ இரண்டுக்கும் நியாயம் இருந்தது. அதுதான் இப்படியான சண்டைகளின் கெட்ட குணம்.

1995 அக்டோபர் 30 இரவில் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் மொத்தமாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தன. இவர்கள் கொடிகாமத்தில் ஓர் உறவினரின் தென்னங்காணியில் ஒதுங்கினார்கள். அங்கேதான் 1996 தொடக்கத்தில் தகப்பன் இறந்தார். செய்தி வன்னி தாண்டி, கொழும்பு தாண்டி ஜெர்மனிக்குப் போனபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நெருங்கியிருந்தது. உடனே தெரிந்திருந்தாலும் மூத்தவர் வந்திருக்க முடியாது; அகதிக்குக் கொடுக்கும் பயண ஆவணம் அவர் தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. அவர்கள் வழக்கில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். பெரியப்பா மகன் ஒருவர் கொள்ளி வைத்தார். சாம்பல் கீரிமலைக்குப் போகவில்லை; கீரிமலையும் அப்போது படையினரிடம் இருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 வீதி முழுதாகத் திறந்தது. அந்தக் கோடையில் புலம்பெயர்ந்த சனம் சூட்கேசுகளோடு வந்து குவிந்தது. ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு மூத்தவர் வந்தார். 1998இல் கல்யாணமாகி லண்டன் போன தங்கையும் வந்தார். தம்பியிடம் அப்போதும் அகதி ஆவணம்தான், வர முடியவில்லை. ஒரு வானைப் பிடித்து எல்லோரும் வளவைப் பார்க்கப் போனார்கள். தெல்லிப்பழைக்கு அப்பால் மண் அணையும் முள்ளுக்கம்பியும் ஒரு சென்றியும். சிப்பாய் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகச் சொன்னான்.

திரும்பும் வானில் சண்டை வந்தது. விறாந்தை என்னுடையது, உறுதியில் பாதியை மாற்றி எழுத வேண்டும் என்றார் மூத்தவர். என் இரண்டு பரப்பு எங்கே என்றார் லண்டன் பிள்ளை. இருபத்துநாலு மணி நேரமும் அம்மாவைப் பார்க்கிறது யார் என்றார் அக்கா. கூரை நிற்கிறதா, சுவர் நிற்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாத வீட்டை, இணுவில் சந்தி வருவதற்குள் அவர்கள் மூன்று துண்டாகப் பிரித்து முடித்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக எண்ணாயிரம் மார்க்கும் வந்தது. அன்றிரவே அக்கா அதைப் பாரிசுக்குச் சொன்னார். மூத்தவர் மூன்று நாள் முன்னதாகவே பயணத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு 15 வருடங்கள். டோர்ட்முண்டிலிருந்து பாரிஸ் காரில் ஐந்தாறு மணி நேரம். பாரிசிலிருந்து லண்டனுக்குக் கடலடி ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஆனால் ஒருவரின் செய்தி மற்றவருக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்தது, தாய் மூலம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் ஜெர்மனி, பிறகு லண்டன், பொழுதுபட பாரிஸ். ‘அண்ணை உன்னைக் கேட்டவர்’, ‘தம்பி உன்னைக் கேட்டவன்’ என்பது அவர் பேச்சில் வணக்கம் போல வரும். மிளகாய்த்தூளும் அப்படித்தான். ஊரிலிருந்து ஜெர்மனிக்கு யாராவது போனால், வறுத்து இடித்த தூளும் ஒடியலும் பனங்கட்டியும் இரண்டு பங்காகக் கட்டி, “ஒண்டைத் தம்பிக்கு அனுப்பிவிடு” என்று சொல்லிவிடுவார். மூத்தவர் மறுக்கவில்லை. பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். உள்ளே ஒரு வரி எழுதமாட்டார். தம்பி கிடைத்தது என்று சொல்லமாட்டான். அண்ணன் கையெழுத்தில் தன் முகவரி எழுதிய அந்தப் பெட்டிகளின் மேல்மட்டைகளைத் தம்பி வெட்டி வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டால், வேறு பெட்டிக்கு ஒட்ட உதவும் என்கிறான்.

2005இல் தாய் சென்னைக்குப் போனார். ஊருக்கு வர முடியாத பிள்ளைகளும் வெளிநாடு போக முடியாத பெற்றோரும் சந்திக்கிற பொது இடம் அப்போது தமிழ்நாடுதான். வளசரவாக்கத்தில் ஈழத்துச் சனம் இருந்த தெரு ஒன்றில் ஒரு மாதம் வாடகைக்கு வீடு எடுத்து, தம்பி மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் காட்டினான். தாய் திரும்பி வந்து, ‘நல்ல பிள்ளை, மீன் நல்லாக் காய்ச்சுறாள்’ என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பெரிய சான்றிதழ் அவரிடம் கிடையாது.

நிலம் மட்டும் அப்படியே கிடந்தது. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. காணிக்காரரைக் கண்டறிய முடியவில்லை என்றது. உறுதிப் பையோடு அந்தத் தாய் தெல்லிப்பழையிலும் மாவிட்டபுரத்திலும் நடந்த உண்ணாவிரதங்களில் போய் இருந்தார். காணிக்காரர் யார் என்பதில் அடிபட்டுக்கொண்டிருந்த நாலு பிள்ளைகளுக்கும் அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டினாராம், ஒரு எழுத்து விடாமல்.

அவர் இறந்த செய்தி போனதும் மூவரும் புறப்பட்டார்கள், தனித்தனியாக. கட்டுநாயக்காவில் வெவ்வேறு விமானங்களில் இறங்கி வெவ்வேறு வான்களை அமர்த்திக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. மூன்று பேர் ஒரு வானில் போனால் காசு மிச்சம் என்று சொல்லக்கூடியவர் இறந்திருந்தார்.

ஏ9 வீதியில் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் தாண்டிப் போகாது. சாரதிமார் தேங்காய் உடைப்பார்கள். பயணிகள் கடலை வாங்குவார்கள். விடியப்புறம் லண்டன் பிள்ளை அங்கே இறங்கியபோது, கடலைக்காரியிடம் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டாய் என்று ஒரு கிழவர் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார். குரல் தகப்பனுடையது. திரும்பினால் மூத்தவர். தலை முழுக்க வெள்ளை.

“சாப்பிட்டனியோ?” என்றார் அவர்.

“இன்னும் இல்லை.”

கடலைச் சரையை நீட்டினார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் தன் வானைக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, லண்டன் பிள்ளையின் வானில் ஏறிக்கொண்டார். தங்கையின் வானுக்கு ஏசி நன்றாக வேலை செய்தது என்பது அவர் சொல்லும் காரணம்.

தம்பிக்கு ஒரு நாள் பிந்தித்தான் பயணச்சீட்டு கிடைத்தது. மலர்ச்சாலையிலிருந்து உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. முற்றத்தில் பந்தல், வெயில், சனம். அயலில் முதியவர்கள் முணுமுணுத்தார்கள்: மூத்தவர் நிற்கிறார்தானே, நேரத்தோடு எடுத்துவிடலாமே. குருக்களும் மூத்தவரின் முகத்தைப் பார்த்தார். தகப்பனுக்குச் செய்ய முடியாததைத் தாய்க்காவது செய்யட்டும் என்று அக்காவுக்கே ஒரு கணம் தோன்றியதாம். மூத்தவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“தம்பி வரட்டும். அவன்ர உரிமை.”

அவன் மகளோடு வந்து இறங்கினான். குளித்து, ஈர வேட்டியோடு கிரியையில் உட்கார்ந்தான். திருப்பொற்சுண்ணம் பாடும்போது பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நின்றார்கள். பாரிஸ் மகளும் நின்றாள், பெரியமாமி காட்டிக்கொடுத்தபடி. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். சுடலையில் என்ன நடந்தது என்பதை லண்டன் பிள்ளை காணவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு ஆண்களும் ஒரே ஓட்டோவில் வந்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

எட்டுச் செலவுக்கு முந்திய ஓர் இரவில், பந்தலுக்குள் பிளேன் ரீயோடு இருந்தபோது மூத்தவர் தம்பியைக் கேட்டார்: “2011இல எனக்கு இருதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கேக்கை நீ அழுதனியாம்.”

தம்பி விழித்தான். “உங்களுக்கு ஸ்டென்ட் வைச்சதோ?”

அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தம்பியின் மகள் பிறந்தபோது இணுவில் கந்தசுவாமி கோவிலில் பெரியண்ணை காசு அனுப்பி அபிஷேகம் செய்வித்தார் என்று தாய் சொல்லியிருந்தார். அப்படி ஒரு காசு ஜெர்மனியிலிருந்து புறப்படவேயில்லை. லண்டன் பிள்ளையின் இரண்டு பரப்புக்கும் இரண்டு அண்ணன் தம்பியும் சம்மதம் என்று சொல்லியிருந்தார். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வாரா வாரம், 15 வருடம். மூத்தவர் முதலில் சிரித்தார். தம்பி வெளியே எழுந்து போனான். லண்டன் பிள்ளைக்கு வந்தது கோபம். தனக்குச் சொல்லப்பட்ட ஒவ்வொரு விசாரிப்பையும் அவர் நம்பி, பதில் விசாரிப்பும் அனுப்பியவர். அக்காவுக்கு மட்டும் ஆச்சரியமில்லை. அந்தத் தொலைபேசிகளெல்லாம் அவர் சமையற்கட்டில், அவர் காதுபடப் பேசியவைதான்.

தாயின் இந்தப் பொய்களைக் கேட்டவர்கள் உருகுகிறார்கள். உருகத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்று உண்டு: அவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்ததால்தான் இவர்கள் பேசாமல் இருக்க முடிந்தது. உறவு எங்கோ பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார் என்ற தைரியத்தில் கோபத்தைச் செலவில்லாமல் வைத்திருந்தார்கள். அவர் போனதும் ஆளுக்கு ஆள் நேரே எடுக்க வேண்டிய நிலைமை வந்தது. லண்டன் பிள்ளை இதை இன்னும் சுருக்கமாகச் சொல்கிறார்: “அம்மா இருக்கும்வரை எங்களுக்குச் சண்டை பிடிக்க வசதி இருந்தது.”

இம்முறை சாம்பல் கீரிமலைக்கே போனது. நகுலேஸ்வரத்துக்குப் பக்கத்தில், கேணியைத் தாண்டிக் கடலில் கரைத்தார்கள். மூத்தவர் குருக்களிடம் தகப்பனின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அப்படி முறையில்லை என்றார் குருக்கள். பிறகு சொன்னார்.

வளவுக்குப் போனது அதற்கடுத்த நாட்களில். 2015 மார்ச்சில் வளலாய்ப் பக்கம் ஒரு பெரிய பகுதியை விட்டபிறகு, வலிகாமம் வடக்குக் காணிகளைத் துண்டு துண்டாகத் திறந்துகொண்டு வந்தார்கள். இவர்களுடைய துண்டும் அதில் வந்திருந்தது, ஆனால் தாய்க்கு அப்போதே நடக்க முடியவில்லை. அந்த ஊர்களுக்குத் திரும்பியவர்கள் தங்கள் நிலத்தை வீட்டை வைத்து அடையாளம் பிடிக்கவில்லை. பெரும்பாலும் வீடே இல்லை. கிணறுதான் அடையாளம். இவர்களும் பற்றைக்குள் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிழக்கே அடி அளந்து வந்து, தரையைக் காலால் கிளறினார்கள். சீமெந்து தட்டுப்பட்டது. 1988ஆம் ஆண்டு விறாந்தை. சுவர், கூரை, யன்னல், கதவுநிலை, ஒன்றும் இல்லை.

நாலு பேரும் அதன்மேல் ஏறி நின்றார்கள். “நல்ல சீமெந்து” என்றார் மூத்தவர்.

அத்தோடு சண்டை முடிந்தது என்று எழுதினால் பொய். வீடு இல்லாமல் போனதால் கதை கிணற்றுக்கு மாறியது. உறுதியில் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வாய்க்கால் வழியும் என்றிருந்தது. லண்டன் பிள்ளைக்கு எழுதும் இரண்டு பரப்புக்கும் அந்தப் பங்கில் உரிமை போகுமா போகாதா என்று ஆண்கள் இருவரும் முட்களுக்குள் நின்றபடி தொடங்கிவிட்டார்கள். இம்முறை இருவரும் ஒரே பக்கம், எதிர்ப்பக்கம் தங்கை. கடைசியில் காணிச் சொந்தக்காரியான அக்கா குரலை உயர்த்தினார்.

“எழுதுறதெண்டால் எல்லாருக்கும் எழுதுறன். சர்வேயருக்கும் நொத்தாரிசுக்கும் காசை நீங்கள் கட்டுங்கோ. எனக்கு முப்பத்தொண்டுக்குச் சமைக்கிற வேலை கிடக்கு.”

மூத்தவர் லீவு முடிந்து போனார். கொள்ளி வைத்தவன் என்பதால் தம்பி அந்தியேட்டி வரை நின்றான், பாரிஸ் முதலாளியிடம் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு. மகளும் நின்றாள். பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணக் கடிதம் எழுதுவதில் தகப்பனும் மகளும் பட்ட பாடு தனிக்கதை. சர்வேயர் அளந்தபோது வளவு ஆறு பரப்புக்கு அரைப் பரப்புக் குறைவாக வந்தது. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். அவரோடு கதை நடக்கிறது.

அடுத்த வருடம் சித்திரா பௌர்ணமிக்கு, தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாளுக்கு, மூத்தவர் காரை எடுத்துக்கொண்டு பாரிஸ் போனார். பின்பக்கம் முழுக்க மிளகாய்த்தூள். அக்கா ஒருவரிடம் கொடுத்துவிட்டது. லண்டன் பிள்ளை ரயிலில் வந்து சேர்ந்தார். பாண்டிச்சேரி மருமகள் மரக்கறிச் சமையல் செய்து படைத்தார். மறுநாள் மீன். தாய் சொன்னது சரிதான் என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணாயிரம் மார்க் மேசைக்கு வந்தது. யார் தொடக்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மார்க்கும் இல்லை, பிராங்கும் இல்லை, இரண்டு நாட்டிலும் ஈரோ வந்து எத்தனையோ வருடம். தம்பியின் மகள் கைத்தொலைபேசியை எடுத்தாள். ஒரு ஈரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிராங்க் என்று அந்த நாளில் நிரந்தரமாகப் பூட்டிய விகிதங்கள் இன்னும் அதில் கிடந்தன. பெரியப்பா கட்டியது 4,090 ஈரோ. ஏமாற்றிய ஏஜென்சியால் அப்பா பட்ட கடன் 5,336 ஈரோ.

“அப்ப அண்ணை, 1,246 ஈரோ நீங்கள்தான் எனக்குத் தர வேணும்” என்றான் தம்பி.

“வட்டியை எங்கை விட்டனி? நான் முதல் கட்டினது.”

“எந்த வட்டி, ஊர் வட்டியோ ஜெர்மன் பாங்க் வட்டியோ?”

வட்டி என்றால் என்ன என்று மகள் கேட்டாள். மூன்று பேரும் மூன்று விதமாக விளக்கினார்கள். நடுச்சாமம் தாண்டியும் கணக்கு நேராகவில்லை. ஜூனில் ஹாம் காமாட்சி அம்பாள் தேருக்குத் தம்பி குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வருவதாக முடிவானது. வரும்போது அந்தக் கூட்டாளிக்குக் கடன் திருப்பிக் கொடுத்த கொப்பியையும் கொண்டுவர வேண்டும் என்றார் பெரியண்ணை. கொப்பி இருக்கிறது, மேல்மட்டை மட்டும் இல்லை என்றான் தம்பி.